அந்துவான் ஒகுஸ்தேன் பார்மென்டியே

அந்துவான் ஒகுஸ்தேன் பார்மென்டியே (ஆகஸ்ட் 12, 1737 - டிசம்பர் 17, 1813) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மருந்தாளரும் வேதியியலாளரும் ஆவார். உருளைக்கிழங்கு மனிதர் உண்ணத்தக்க உணவு என்பதை வேதியியல் சோதனைகளால் நிறுவி, பிரான்சு முழுவதும் அது பரவ உழைத்தவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். பஞ்சகால உணவுகள், ரொட்டி செய்முறை, தானியம் அரைக்கும் முறை, மக்காச்சோளம், பால், திராட்சைச் சர்க்கரை ஆகியவை பற்றியும் இவர் ஆய்வு செய்துள்ளார். உணவு அறிவியல் என்ற தனித்துறை தோன்றாத காலத்தில், பசியைக் குறைப்பதற்கு வேதியியலைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

பின்னணி

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஏழைகளின் முதன்மை உணவு ரொட்டியே. கோதுமை, ரை முதலிய தானியங்களே அதற்கு மூலப்பொருள். சாதாரணக் காலத்திலேயே ஒரு கூலித்தொழிலாளியின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ரொட்டி வாங்கவே செலவானது. விளைச்சல் பொய்த்தால் ரொட்டியின் விலை ஏறும். விலை ஏறினால் பட்டினியும் கலகமும் தொடரும். 1693-94 ஆண்டுகளிலும் 1709 ஆம் ஆண்டிலும் ஏற்பட்ட பெரும் பஞ்சங்களில் பிரான்சில் இலட்சக்கணக்கான மக்கள் மடிந்தனர். ஒரே வகை உணவை நம்பியிருந்ததே இந்நிலைக்கு ஒரு முக்கிய காரணம்.

உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்டது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஐரோப்பாவை வந்தடைந்தது. அயர்லாந்திலும் செருமானிய நாடுகளிலும் பிரான்சின் கிழக்கு மாகாணங்கள் சிலவற்றிலும் மக்கள் இதனைப் பயிரிட்டு உண்டு வந்தனர். பிரான்சின் ஏனைய பகுதிகளில் இது பன்றித் தீவனமாகவே கருதப்பட்டது. இதனை உண்டால் தொழுநோய் வரும் என்ற நம்பிக்கையும் நிலவியது. உருளைக்கிழங்கு, நச்சுச் செடிகள் பல அடங்கிய கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இலை, காய், வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு ஆகியவற்றில் சொலனின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. ஆகவே, தொழுநோய் பற்றிய நம்பிக்கை தவறானது என்றாலும், இச்செடியின் மீதான ஐயத்திற்கு ஓரளவு காரணம் இருந்தது.

இளமை

பார்மென்டியே வட பிரான்சின் பிக்கார்டி மாகாணத்தில் உள்ள மோன்டிடியே என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் வறுமையில் இருந்ததால் இவரது தொடக்கக் கல்வியைத் தாயாரே கவனித்துக்கொண்டார். பின்னர் உள்ளூர் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகிய இவர், 1755 ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குச் சென்று அங்கும் ஒரு மருந்தாளரிடம் பணியாற்றினார்.

ஏழாண்டுப் போரும் சிறைவாசமும்

1756 முதல் 1763 வரை நடைபெற்ற ஏழாண்டுப் போரில் பிரான்சும் பிரஷ்யாவும் எதிரெதிர் அணிகளில் நின்றன. 1757 ஆம் ஆண்டில் பார்மென்டியே பிரெஞ்சுப் படையில் மருந்தாளராகச் சேர்ந்து செருமானிய நிலப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். போரின்போது இவர் பலமுறை பிரஷ்யப் படையினரிடம் சிறைப்பட்டார்.

சிறையில் இவருக்குக் கிடைத்த முதன்மை உணவு உருளைக்கிழங்கே. பிரான்சில் பலர் விலங்குத் தீவனம் என்று ஒதுக்கிய அந்தக் கிழங்கை நெடுநாள் உண்டும் தன் உடல்நலம் கெடாததை இவர் கவனித்தார். தொழுநோயும் வரவில்லை, உடலும் மெலியவில்லை. இந்த நேரடி அனுபவமே இவரது பிற்கால ஆய்வுகளுக்கு வித்திட்டது. செருமனியில் இருந்த காலத்தில் அங்கிருந்த மருந்தாளர்களிடம் வேதியியலையும் கற்றார்.

1763 ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் பாரிஸ் திரும்பினார். அங்கு ரூயேல் என்பவரிடம் வேதியியலும், நொலே என்பவரிடம் இயற்பியலும், ஜூசியூ என்பவரிடம் தாவரவியலும் பயின்றார்.

இன்வாலிட் மருந்தகம்

1766 ஆம் ஆண்டில் நடைபெற்ற போட்டித் தேர்வில் வெற்றி பெற்று, பாரிசில் உள்ள இன்வாலிட் மருத்துவமனையில் மருந்தாளராகப் பணியேற்றார். போரில் காயமுற்ற வீரர்களும் முதிய வீரர்களும் தங்குவதற்காகப் பதினான்காம் லூயி மன்னர் கட்டிய இல்லம் இது. இதன் மருந்தகத்தை ஒரு கிறித்தவத் துறவியர் சபையைச் சேர்ந்த பெண்கள் நெடுங்காலமாக நடத்தி வந்தனர். 1772 ஆம் ஆண்டில் பார்மென்டியே தலைமை மருந்தாளராக உயர்த்தப்பட்டபோது, தங்கள் உரிமை பறிபோவதாகக் கருதி அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1774 ஆம் ஆண்டில் அரசர் ஒரு சமரச ஏற்பாட்டைச் செய்தார். இதன்படி பார்மென்டியே பதவியிலிருந்து விலகினார். ஆனால் ஊதியமும் இன்வாலிட் வளாகத்திலேயே வசிக்கும் உரிமையும் தொடர்ந்தன. பதவிப் பொறுப்பு நீங்கியதால் உணவு ஆய்வில் முழுமையாக ஈடுபட இவருக்கு வாய்ப்புக் கிட்டியது.

பெசான்சோன் கழகப் போட்டி

1769, 1770 ஆம் ஆண்டுகளில் பிரான்சின் பல பகுதிகளில் விளைச்சல் குறைந்து உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இதனைத் தொடர்ந்து 1771 ஆம் ஆண்டில் பெசான்சோன் நகரக் கழகம் ஒரு கட்டுரைப் போட்டியை அறிவித்தது. பஞ்ச காலத்தில் வழக்கமான உணவுக்கு மாற்றாக எந்தத் தாவரங்களைப் பயன்படுத்தலாம் என்பதே தலைப்பு. இப்போட்டியில் பார்மென்டியே பரிசு பெற்றார். போட்டிக்கு வந்த வேறு சில கட்டுரைகளும் உருளைக்கிழங்கைப் பரிந்துரைத்தன. எனவே, உருளைக்கிழங்கின் பயனை பிரான்சில் முதலில் உணர்ந்தவர் இவர் என்று கூறுவது பொருந்தாது. அதனை வேதியியல் முறைப்படி பகுத்து ஆராய்ந்ததே இவரது தனிப் பங்களிப்பு.

கிழங்கைத் துருவி, நீரில் கரைத்து, வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் தங்கும் வெண்ணிற மாவுச்சத்தைப் பிரித்தெடுத்தார். நார், சாறு, மாவுச்சத்து ஆகிய பகுதிகளைத் தனித்தனியே சோதித்தார். உருளைக்கிழங்கின் மாவுச்சத்தும் கோதுமையின் மாவுச்சத்தும் தன்மையில் ஒத்தவை என்றும், கிழங்கில் தீங்கு விளைவிக்கும் பொருள் எதுவும் இல்லை என்றும் முடிவு கண்டார். இவ்வாய்வு 1773 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பாரிஸ் மருத்துவப் பீடமும் 1770களின் தொடக்கத்தில் உருளைக்கிழங்கு உண்பதால் தீங்கில்லை என்று கருத்துத் தெரிவித்தது.

இதே முறையை ஏனைய தாவரங்களுக்கும் இவர் விரிவுபடுத்தினார். ஓக் மரத்தின் கொட்டை, குதிரைச் செஸ்நட் கொட்டை, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுக் கிழங்குகள் போன்றவை கசப்பு அல்லது நச்சு காரணமாக அப்படியே உண்ண இயலாதவை. இவற்றைத் துருவி மீண்டும் மீண்டும் நீரில் அலசினால் நச்சு சாற்றுடன் வெளியேறி, மாவுச்சத்து மட்டும் எஞ்சும் என்று இவர் விளக்கினார். கசப்பு மரவள்ளிக்கிழங்கைப் பதப்படுத்துவதும் ஏறத்தாழ இவ்வகையான முறையே ஆகும். பஞ்ச காலத்தில் வழக்கமான உணவுக்கு மாற்றாகும் தாவரங்கள் பற்றிய இவரது விரிவான நூல் 1781 ஆம் ஆண்டில் வெளியானது.

ரொட்டி, மாவு ஆய்வுகள்

தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளை அரசின் நிதிப் பொறுப்பாளர் துர்கோ 1774 ஆம் ஆண்டில் தளர்த்தினார். அவ்வாண்டு விளைச்சலும் குறைவாக இருந்ததால் மாவின் விலை கடுமையாக உயர்ந்தது. 1775 ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் பாரிசிலும் சுற்றுப்புறங்களிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இது வரலாற்றில் மாவுப் போர் என அழைக்கப்படுகிறது.

இக்காலகட்டத்தில் பார்மென்டியேவின் கவனம் புதிய உணவுகளோடு, இருக்கும் தானியத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதிலும் சென்றது. அன்றைய வழக்கமான அரவையில் கோதுமை ஒருமுறை மட்டுமே அரைக்கப்பட்டது. ரவை போன்ற பருமணிகள் தவிட்டோடு சேர்ந்து மனித உணவிலிருந்து நீங்கிவிட்டன. இவற்றைப் பிரித்து மீண்டும் அரைத்தால் அதே அளவு கோதுமையிலிருந்து கூடுதல் மாவு கிடைக்கும். சிக்கன அரவை எனப்பட்ட இம்முறையை இவர் தீவிரமாகப் பரிந்துரைத்தார். ஒரு பிடி நிலம் கூடச் சேர்க்காமல் உணவின் அளவைப் பெருக்கும் வழி இது.

இல்லத்தரசிகளுக்கு நல்ல ரொட்டி செய்யும் முறையை விளக்கும் சிறு நூலை 1777 ஆம் ஆண்டிலும், ரொட்டித் தொழிலாளர்களுக்கான விரிவான நூலை 1778 ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். மாவைச் சேமித்தல், புளிக்கவைத்தல், பிசைதல், சுடுதல் ஆகியவை பரம்பரைக் கைப்பழக்கமாக மட்டுமே இருந்த காலத்தில், அவற்றின் காரணங்களை இந்நூல்கள் விளக்கின. 1780 ஆம் ஆண்டில் காதே தெ வோ என்ற மருந்தாளருடன் இணைந்து பாரிசில் இலவச ரொட்டிப் பள்ளி ஒன்றை நிறுவினார்.

கோதுமை மாவு சிறிதும் கலக்காமல் உருளைக்கிழங்கைக் கொண்டே ரொட்டி செய்யும் முறையை 1779 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோதுமை ரொட்டி உப்பி எழுவதற்குக் காரணமான பசைப்புரதம் உருளைக்கிழங்கில் இல்லை. ஆகவே இம்முறை அதிக உழைப்பை வேண்டியது. நாளடைவில் பரவவும் இல்லை. உருளைக்கிழங்கு வேகவைத்தாலே உண்ணத் தயாராகிவிடும் உணவு என்பதால் அதனை ரொட்டியாக்க முயல்வது தேவையற்றது என்ற முடிவுக்குப் பின்னர் இவரே வந்தார்.

1784 ஆம் ஆண்டில் மக்காச்சோளம் பற்றிய இவரது கட்டுரைக்கு போர்தோ நகரக் கழகத்தின் பரிசு கிடைத்தது.

சப்லோன் வயல்

ஆய்வு நூல்கள் கற்றவர்களை எட்டினவே தவிர, உழவர்களையும் நகர மக்களையும் எளிதில் எட்டவில்லை. எனவே பார்மென்டியே செயல்விளக்க வயல் ஒன்றை அமைக்க முயன்றார். பாரிசுக்கு மேற்கே நெய்யி அருகே உள்ள சப்லோன் சமவெளியில் 54 அர்ப்பான் (ஏறத்தாழ 18 ஹெக்டேர்) நிலம் அரசரால் இவருக்கு வழங்கப்பட்டது. 1786 ஆம் ஆண்டில் இங்கு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. படைப்பயிற்சிக்குப் பயன்பட்ட மணற்பாங்கான இந்நிலம் தானியம் விளையாதது என்று கருதப்பட்டது. அத்தகைய நிலத்திலும் உருளைக்கிழங்கு விளையும் என்று காட்டுவதே இவரது நோக்கம். அடுத்த ஆண்டில் கிரெனல் பகுதியிலும் பயிரிடப்பட்டது.

இவ்வயலைப் பற்றிப் புகழ்பெற்ற கதை ஒன்று வழங்குகிறது. பகலில் வயலைச் சுற்றிப் படைவீரர்களைக் காவலுக்கு நிறுத்தி, இரவில் அவர்களை அகற்றிவிடுமாறு இவர் ஏற்பாடு செய்தார் என்றும், காவல் காக்கப்படும் பொருள் விலைமதிப்புள்ளது என எண்ணிய மக்கள் இரவில் கிழங்குகளைத் திருடிச் சென்று பயிரிட்டனர் என்றும் அக்கதை கூறும். இதன் உண்மைத்தன்மையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. பயிற்சி நிலம் என்பதால் அங்கு வீரர்கள் இருந்ததே கதைக்கு அடிப்படையாக இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது.

உருளைக்கிழங்குப் பூங்கொத்தை இவர் பதினாறாம் லூயி மன்னருக்கு அளித்தார் என்றும், மன்னர் ஒரு பூவைத் தன் சட்டையில் அணிந்துகொண்டார் என்றும் கூறப்படுகிறது. எல்லா உணவு வகைகளும் உருளைக்கிழங்கால் ஆன விருந்துகளை அளித்தார் என்றும், பெஞ்சமின் பிராங்கிளின், லவாய்சியே போன்றோர் அவற்றில் கலந்துகொண்டனர் என்றும் குறிப்புகள் உள்ளன.

1789 ஆம் ஆண்டில் அரசரின் ஆணைப்படி இவரது விரிவான வேளாண் நூல் அச்சிடப்பட்டது. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த தொப்பினம்பூர் கிழங்கு ஆகியவற்றின் சாகுபடியும் பயன்களும் இதில் விளக்கப்பட்டன. உருளைக்கிழங்கின் பல வகைகளை இவர் வேறுபடுத்தி விவரித்தார். கிழங்கிலிருந்தே தொடர்ந்து பயிரிட்டால் வகை நலிவடையும் என்பதால், அவ்வப்போது விதையிலிருந்து புதிய செடிகளை உருவாக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

புரட்சிக் காலம்

அந்நூல் வெளிவந்த அதே 1789 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. முந்தைய ஆண்டின் மோசமான விளைச்சலும் ரொட்டி விலை உயர்வும் மக்களின் கோபத்தைத் தூண்டிய காரணங்களுள் அடங்கும். பார்மென்டியேவின் இருபது ஆண்டு உழைப்பு அந்தப் பசியைத் தடுக்கப் போதவில்லை. உருளைக்கிழங்கு அப்போதும் நாட்டின் பெரும்பகுதியில் வழக்கமான உணவாகியிருக்கவில்லை. தானியத்தின் விலை, போக்குவரத்து, வரி ஆகியவை வேதியியலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

மன்னரின் ஆதரவு பெற்றவர் என்பதால் புரட்சியின் தொடக்கத்தில் சிலர் இவரை ஐயத்துடன் நோக்கினர். ஆயினும் உணவுத் தட்டுப்பாடு நீடித்ததால் புதிய அரசுக்கு இவரது அறிவு தேவைப்பட்டது. கடற்படைக்கான உப்பிட்ட இறைச்சி, கப்பல் ரொட்டி ஆகியவற்றின் தயாரிப்பை மேற்பார்வையிடும் பொறுப்பு இவருக்கு வழங்கப்பட்டது. 1794 ஆம் ஆண்டில் பாரிசின் துய்லெரி அரண்மனைத் தோட்டத்தில் பூச்செடிகளுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. அரசர் அளித்த வயலில் தொடங்கிய பயிர், அரசர் கொல்லப்பட்ட மறு ஆண்டில் அரண்மனைத் தோட்டத்தையே அடைந்தது.

1795 ஆம் ஆண்டில் புதிதாக நிறுவப்பட்ட பிரெஞ்சு அறிவியல், கலை நிறுவனத்தின் வேளாண்மைப் பிரிவில் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நெப்போலியன் காலம்

1796 ஆம் ஆண்டு முதல் இறக்கும் வரை படையின் நலவாழ்வுத்துறைத் தலைமை ஆய்வாளர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். படை மருத்துவமனைகளின் உணவு, மருந்துத் தரம், தூய்மை ஆகியவற்றைச் சீராக்கினார். பெரியம்மைத் தடுப்பூசியைப் பரப்பும் பணியிலும் பங்கேற்றார்.

காய்கறி, பருப்பு, பார்லி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்து மலிவாகத் தயாரிக்கப்பட்ட ரம்ஃபோர்ட் கஞ்சியை பாரிஸ் ஏழைகளுக்கு வழங்கும் திட்டத்தை ஆதரித்து அரசுக்கு அறிக்கை அளித்தார்.

1806 ஆம் ஆண்டில் நெப்போலியன் பிரித்தானியாவுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கரும்புச் சர்க்கரை வருவது அருகியது. இதற்கு மாற்றாகத் திராட்சைச் சாற்றிலிருந்து இனிப்புப் பாகு தயாரிக்கும் முறைகளை பார்மென்டியே விளக்கி நூல்கள் எழுதினார். சில ஆண்டுகளில் பீட்ரூட் சர்க்கரைத் தொழில் முன்னேறியதால் திராட்சைப் பாகு வழக்கொழிந்தது.

கண்ணாடிக் குப்பிகளில் உணவை அடைத்து, மூடி, கொதிநீரில் சூடாக்கிப் பாதுகாக்கும் முறையை நிக்கோலா அப்பேர் உருவாக்கினார். 1809 ஆம் ஆண்டில் இம்முறையை ஆராய்ந்த குழுவில் பார்மென்டியேவும் ஒருவர். குழு சாதகமாக அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டில் அப்பேருக்கு அரசு 12,000 பிராங்க் பரிசளித்தது. இன்றைய குப்பி, தகரப்பேழை உணவுத் தொழிலின் தொடக்கம் இதுவே.

மதிப்பீடு

பார்மென்டியே உணவின் சத்து முழுவதும் மாவுச்சத்திலேயே உள்ளது என்று கருதினார். கோதுமையின் பசைப்புரதத்திற்கு ஊட்ட மதிப்பு இல்லை என்றும், தவிடு உணவாகாது என்றும் எண்ணினார். புரதத்தின் இன்றியமையாமை 19ஆம் நூற்றாண்டிலும், உயிர்ச்சத்துகளின் பங்கு 20ஆம் நூற்றாண்டிலும் தெளிவாயின. தவிட்டில் நாரும் உயிர்ச்சத்துகளும் இருப்பது இன்று அறியப்பட்டுள்ளது. மக்காச்சோளத்தை மட்டுமே உண்ட தென்மேற்கு பிரான்சின் ஏழைகளிடம் 19ஆம் நூற்றாண்டில் பெல்லக்ரா நோய் காணப்பட்டது. நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைபாட்டால் இந்நோய் உண்டாகிறது. வயிற்றை நிரப்புவதும் ஊட்டம் அளிப்பதும் ஒன்றல்ல என்பதை அறியும் கருவிகள் இவர் காலத்தில் இல்லை.

1845 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைப் பூசணம் போன்ற ஒரு நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் இறந்தனர். ஏழைகள் ஒரே பயிரை, அதிலும் பெரும்பாலும் ஒரே வகையை நம்பியிருந்ததும், பஞ்ச காலத்திலும் தானியம் ஏற்றுமதியானதும் பேரழிவைப் பெருக்கின. தானியத்தோடு மற்றொன்றைச் சேர்க்கவே பார்மென்டியே உருளைக்கிழங்கைப் பரிந்துரைத்தார். ஒன்றை நீக்கி மற்றொன்றை மட்டும் நம்புவது அவரது நோக்கமன்று. பல வகைகளைப் பேண வேண்டும் என்ற அவரது அறிவுரையின் பெறுமதி இப்பஞ்சத்தில் புலப்பட்டது.

ஓர் உணவு பாதுகாப்பானது என்று சோதித்து உறுதி செய்தல், அதனைச் சமைக்கும் முறையைக் கண்டறிதல், வீணாவதைக் குறைத்தல், தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளித்தல், மக்களின் தயக்கத்தைப் போக்குதல் ஆகிய ஐந்தையும் இவர் ஒரே பணியின் பகுதிகளாகச் செய்தார். இன்று உணவு அறிவியலாளர்கள் ஆற்றும் பணிகளும் பெரும்பாலும் இவையே.

இறப்பும் நினைவும்

பார்மென்டியே திருமணம் செய்துகொள்ளவில்லை. இவரது சகோதரி இவருடன் வாழ்ந்து இல்லத்தைக் கவனித்து வந்தார். 1813 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் பாரிசில் தமது 76 ஆவது வயதில் இவர் காலமானார். உடல் பாரிசின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது கல்லறை மீது மக்கள் பூக்களுக்குப் பதிலாக உருளைக்கிழங்குகளை வைத்துச் செல்வது வழக்கமாக உள்ளது.

பாரிசில் ஒரு பெருஞ்சாலையும், மெட்ரோ தொடர்வண்டியின் மூன்றாம் தடத்தில் உள்ள நிலையம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன. பிறந்த ஊரான மோன்டிடியேவில் இவருக்குச் சிலை உள்ளது. கொத்திய இறைச்சியின் மீது மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடப்படும் ஆஷி பார்மென்டியே என்னும் உணவு பிரெஞ்சு இல்லங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. பிரெஞ்சுச் சமையலில் பார்மென்டியே என்ற சொல்லே உருளைக்கிழங்கு சேர்ந்த உணவைக் குறிக்கும் அடைமொழியாகிவிட்டது.